இறுக்கிவிட்டால் போதும்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மூடியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கிருபா கண்ணை மூடினாள். டக் டக் டக் என்று இரண்டாவது சிலிண்டருக்கு மேலிருந்து வந்தது. வேகத்தைக் கூட்டும்படி கையைக் காட்டினாள். காருக்குள் உட்கார்ந்திருந்த அவள் புருசன் வெள்ளியங்கிரி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சத்தமும் கூடவே ஓடியது, ஆனால் இன்ஜின் சுற்றுகிற வேகத்தில் பாதிதான். கீழே பேரிங் போயிருந்தால் கனமாக இடிக்கும். இது மேலே, வால்வைத் திறக்கும் இடத்தில். டேப்பட்.

வண்டி வெள்ளியங்கிரியின் அண்ணன் திருமூர்த்தியுடையது. போத்தனூரில் புருசனும் பொண்டாட்டியுமாக இந்தப் பட்டறையைப் போட்ட பிறகு அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. தோப்பும் மாடு கட்டும் தொண்டுப்பட்டியுமாக உடுமலைப்பேட்டையில் இருக்கும் குடும்பத்தின் பையன், தன்னோடு பாலிடெக்னிக்கில் படித்த பெண்ணை, அதுவும் தங்கள் தோப்பிலேயே கூலிக்குத் தேங்காய் உரித்தவரின் மகளை, ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த நாளோடு பேச்சு அறுந்தது. இன்று திருமூர்த்தி தன் மகள் நிச்சயத்துக்குக் கோவையில் துணி எடுத்துவிட்டுத் திரும்பும்போது சத்தம் தாங்க முடியவில்லை, வழியில் தெரிந்த பட்டறை இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். தெரியாத பட்டறை வழியெங்கும் இருக்கிறதே என்று கிருபா நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குள் ஒரு சின்ன ஆசையைக் கிளப்பிவிட்டது.

இன்ஜின் ஆறினால்தான் இடைவெளி பார்க்க முடியும். அந்த நேரம் பூராவும் அவர் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து தம்பியிடம் பேசினார். தென்னையில் வெள்ளை ஈ விழுந்தது, மாப்பிள்ளை வீடு அவிநாசி, நிச்சயமும் அங்கேதான் என்பது, நாளைக் காலை கோயிலிலிருந்து மண்டபத்துக்குச் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் இந்த வண்டியில்தான் வரப்போகிறார்கள் என்பது. வண்டியைப் பற்றிக் கேட்பதையும் தம்பியிடமே கேட்டார். "உன்ற ஊட்ல என்ன சொல்றாங்க?" என்றார், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவளைப் பார்க்காமல். கிருபா பதிலை வெள்ளியங்கிரியிடம் சொன்னாள். அவன் அதை அண்ணனிடம் சொன்னான். ஒரே பேச்சை இரண்டு தடவை பேச அவன் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் அண்ணன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிற முகம் அது. அவளுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

மூடியைக் கழற்றி, அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள். சத்தம் போட்டது எரிந்த புகையை வெளியே விடும் புகை வால்வு; அதில் தகடு தாராளமாகப் போய்வந்தது. அது சின்ன வேலை. மற்ற மூன்று புகை வால்வுகளில்தான் கை நின்றது. இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சத்தத்தை நிறுத்துவதற்காக யாரோ இறுக்கி வைத்திருக்கிறார்கள். இரும்பு சூடானால் நீளும். நீளுவதற்கு இடம் இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, மூடாத விளிம்பை நெருப்பு தின்றுவிடும். இத்தனை நாளும் வாயே திறக்காமல் இருந்த மூன்றும்தான் கருகிக்கொண்டிருந்தன.

கிருபா இதைச் சொன்னதும் திருமூர்த்தி எழுந்து வந்தார். எல்லாவற்றையும் சரியாக வைத்தால் சத்தம் சுத்தமாக நின்றுவிடுமா என்று தம்பியைக் கேட்டார். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி லேசாகக் கேட்கும், அதுதான் சரியான சத்தம் என்றாள் கிருபா. ஊரில் இறுக்கிவிட்டால் போதும் என்றார்களே என்று அவர் முகம் சுளித்தார். வெள்ளியங்கிரி அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"இன்னிக்கு மட்டும் இறுக்கி உடு, கிருபா. நிச்சயம் முடியட்டும், நானே போயி சரி பண்ணிப்போடறேன்."

வண்டியின் பேரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை உடுமலைக்குப் போக அவனுக்கு ஒரு சாக்கு. அது அவளுக்குப் புரிந்தது. ஸ்பேனரை நட்டில் மாட்டினாள். கொஞ்சம் திருப்பினால் போதும், எல்லாரும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

அப்போதுதான் திருமூர்த்தி அவளை நேராகப் பார்த்தார்.

"அம்மணி," என்றார்.

அவள் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் பெண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று வெள்ளியங்கிரி சொல்லிக் கேட்டிருக்கிறாள். தன்னையும் ஒரு நாள் யாராவது கூப்பிடுவார்கள் என்று சமையல் செய்யும்போது, துணி காயப்போடும்போது, நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அம்மணி, சத்தமில்லாம வெச்சுக் குடு. நாளைக்குத் தம்பிய மட்டும் அனுப்பி வையி. சம்பந்தி ஊட்டுக்காரங்க நாலு கேப்பாங்க. நீ பொறவு ஒரு நாளைக்கு வருவியாமா."

குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் சுட்டது. கிருபா நட்டைத் தளர்த்தினாள். சரியான தகட்டை உள்ளே விட்டு, லேசாகப் பிடிக்கிற அளவில் வைத்து, முடுக்கினாள். பிறகு அடுத்த வால்வு, அதற்கடுத்தது. எட்டையும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அது ரெண்டும் என்னால ஆகாதுங் மாமா."

"எது ரெண்டும்?"

"சத்தத்த அமுக்கறதும் ஆகாதுங், ஊட்ல இருக்கறதும் ஆகாதுங். அவிங்க நாலு கேட்டா நான் அஞ்சு சொல்லிக்கறேன். எங்கப்பன் உரிச்ச தேங்காயத் தட்டுல வெச்சுத்தானுங்களே உங்க ஊட்ல அத்தன விசேசமும் நடந்துது?"

திருமூர்த்தியின் முகம் கறுத்தது. பழையபடி தம்பி பக்கம் திரும்பினார். "உன்ற பொண்டாட்டிக்கு வாய் நீளம்டா."

வெள்ளியங்கிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆமாங்ணா," என்றான். "அந்த வாயப் பாத்துத்தான் கட்டுனது."

கிருபாவுக்குக் கண் கரித்தது. குனிந்து மூடியை மாட்டினாள். வெள்ளியங்கிரி சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எழுந்தது. எட்டு வால்வும் சீராக, ஒளிவுமறைவில்லாமல் தட்டின. திருமூர்த்தி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வண்டி பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பியது.

"அவிநாசிக்கு எத்தன மணிக்குங்க கெளம்பணும்?" என்று கிருபா கேட்டாள். கேட்டது புருசனிடம்தான். குரல் தெருவரைக்கும் போனது.

"வெடியால அஞ்சரைக்கு," என்றான் அவன், அதைவிடச் சத்தமாக.

வண்டி நின்றது. கண்ணாடி இறங்கவில்லை, கதவும் திறக்கவில்லை. எதிரே வந்த பால்காரர் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வழிக்காகக் காத்திருந்தார். பின்னால் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்க, அந்த இன்ஜின் நடுத்தெருவில் நின்று தட்டிக்கொண்டே இருந்தது.