படிக்கட்டைப் பார்ப்பவள்

கணினியில் ஆடிய ஆட்டம் மறுபடி தோல்வியில் முடிந்தது. அவள் ஹெட்போனில் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஐந்தாமவன் மைக்கை எப்போதும் அணைத்தே வைத்திருப்பான். அதனால் அவனுக்கு மியூட் என்றே பேர்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

"கிரேன், நீ மட்டும் இரு. மத்தவங்க போங்க."

வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அணிக்கு அவர்தான் தலைவர். பகலெல்லாம் புதிதாகக் கற்பவர்களின் காலடியில் தன் உயிரை வைத்துவிட்டு வருவதால் அவருக்கு லேசில் கோபம் வராது. அப்படிப்பட்டவர் தனியாகப் பேச வேண்டும் என்றால் விஷயம் பெரியது.

"ஞாயித்துக்கிழமையோட சீசன் முடியுது. அதுக்குள்ள தங்கத் தரத்துலேந்து வைரத் தரத்துக்கு ஏறலேன்னா தகுதிச் சுற்றுல சேத்துக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"ஏறுறோம், இறங்குறோம். ஒரு ஆள மாத்திடலாம்னு இருக்கேன்."

"யார?"

"உன் தம்பிய. இல்லேன்னா உன்ன. தனித்தனியா ரெண்டு பேரும் நல்லாத்தாம்மா ஆடுறீங்க. சேந்து ஆடினா என்னமோ உதைக்குது. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"ஞாயிறு வரைக்கும் விடுங்க."

"விடுறேன். ஆனா ஏன்னு கண்டுபிடி. தப்பையே திரும்பத் திரும்ப ஆடினா அதுக்குப் பேரு பயிற்சி இல்ல."

பக்கத்து அறையில் தம்பி இன்னும் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். தோற்ற எரிச்சலைப் பயிற்சிக் களத்துப் பொம்மைகள் மீது தீர்த்துக்கொண்டிருந்தான். அவள் கணினியை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

அந்த அணியைத் தொடங்கியதே அவர்கள் இருவரும்தான். தம்பி மருந்துக் கடையில் பகல் முழுக்க நிற்கிறான். அவள் கட்டடம் கட்டும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறாள்; பகல் முழுக்க வானத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அக்காவும் தம்பியும் சேர்ந்து இருப்பது அந்த ஆட்டத்தில் மட்டும்தான். ஆளை மாற்றினால் சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். அவ்வளவுதான் மிஞ்சும்.

மறுநாள் காலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோற்ற ஆட்டங்களின் பதிவுகளைக் கைபேசியில் போட்டாள். இயர்போனை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தாள். சத்தமில்லாமல் பார்த்தாள்.

ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு தரப்பு கிடங்குக்குள் குண்டு வைக்க வேண்டும். மறுதரப்பு தடுக்க வேண்டும், அல்லது வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். செத்தவர் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்கலாம், வாயால் உதவலாம். தம்பி முன்னால் ஓடுபவன். அவள் பின்னால் நிற்பவள். நீளத் துப்பாக்கியோடு ஒரு வழியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் காத்திருப்பது அவள் பொறுப்பு. பெரும்பாலும் கிடங்குக்கு ஏறிவரும் படிக்கட்டு; இன்னொரு வழி, கிடங்கை ஒட்டிய பேக்கரி.

குறி தப்பவில்லை. சுட்ட இடமெல்லாம் சரி. ஆனால் தோற்ற சுற்றுகளில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று, பேயறைந்தவள் மாதிரி, வேறு பக்கம் திரும்புவாள். அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் ஒருவன் ஏறி வந்து முதுகில் சுடுவான்.

அப்படித் திரும்பியதாக அவளுக்கு நினைவே இல்லை. அதுதான் அவளைக் கலவரப்படுத்தியது.

அன்று வேலையில் கம்பிக்கட்டு ஒன்றை ஏழாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கீழே இருக்கும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொல்வதுதான் அவளுக்குக் கண். அவர் வளவளவென்று பேச மாட்டார். வலது. மெதுவா. இன்னும் கொஞ்சம். நில்லு. நாலு வார்த்தையில் ஒரு கட்டடத்தையே எழுப்பிவிடுவார்.

பாதி உயரத்தில் கம்பி தொங்கும்போது, யாரோ ஒரு எஞ்சினியர் வாக்கிடாக்கியைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். "ஏய், இங்க! இந்தப் பக்கம்! இங்க பாரும்மா!"

அவள் கை லீவரில் இருந்தபடியே இருந்தது. கம்பியும் அசையவில்லை.

சாப்பாட்டு வேளையில் இறங்கி வந்தபோது சிக்னல்காரர் சிரித்தார்.

"அந்தாளு கத்தினதுல செத்தவனே எந்திரிச்சிருப்பான். உனக்கு ஒரு நடுக்கம்கூட வரலயே?"

"உங்க குரல் ஒண்ணுக்குத்தாண்ணே இந்தக் கை நகரும். வேற யார் கத்தினாலும் அது காக்கா கத்துறதுதான்."

"'நில்லு'ன்னா?"

"அத யார் சொன்னாலும் நிப்பேன். அது சட்டம்."

சொல்லிவிட்டு, வாயருகே கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். ஒரு குரலுக்கு மட்டும் நகரும் கை. வீட்டில் அது யாருடைய குரலுக்கு நகர்கிறது?

சிக்னல்காரரிடம் இயர்போன் கடன் வாங்கி, அதே பதிவுகளை முதலிலிருந்து கேட்டாள். முழுதும் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

தம்பி கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவன் அறை வாசலில் போய் நின்றாள்.

"சாகும்போது நீ என்ன சொல்ற தெரியுமாடா?"

"கெட்ட வார்த்தை."

"கேளு."

தோற்ற சுற்றுகளின் துண்டுகளை வரிசையாக ஓடவிட்டாள். "அக்கா!" அடுத்தது. "அய்யோ அக்கா!" அடுத்தது. "அக்கா அக்கா அக்கா!" சைக்கிள் மணி மாதிரி. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் திரையில் அவள் துப்பாக்கி படிக்கட்டைவிட்டுத் திரும்பியது.

முதலில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு தேய்ந்தது.

"செத்தவன் கூப்பிட்டா நீ ஏன் திரும்புற? பொணத்த தூக்கிட்டுப் போகவா?"

"திரும்பணும்னு திரும்பலடா. கை போயிடுது."

"அப்ப தப்பு உன் கை மேல."

"உன் வாய் மேலயும்தான்."

அவன் சட்டையைக் கொடியில் போட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கூப்பிட்டா வர்றதுக்கு ஒரு ஆளு இருக்குன்னு வாய்க்குத் தெரியுது. அத என்ன பண்ணச் சொல்ற?"

ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. வாத்தியார் சொன்னதைச் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"சரி. சொல்லு. என்ன செய்யணும்?"

"மேட்ச்ல அந்த வார்த்தை வேண்டாம். எதிரி எங்க, எத்தன பேரு, அவங்களுக்கு எவ்வளவு உயிர் மிச்சம். அத மட்டும் சொல்லு. எதுவும் வாயில வரலேன்னா 'நில்லு'ன்னு சொல்லு."

"உன்ன எப்படிக் கூப்பிடுறது?"

"எல்லாரும் கூப்பிடுற மாதிரி. கிரேன்."

அன்று மாலையே அம்மா கரண்டியும் கையுமாக அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னடா சொன்ன? அக்காவ என்னன்னு கூப்பிட்ட?"

"கிரேன்மா. ஆட்டத்துல அப்படித்தான்."

"ஏழு வயசு மூத்தவ. கிரேனாம் கிரேன்! நாளைக்கு என்னை லாரின்னு கூப்பிடுவியா?"

"அம்மா, நான்தான் சொன்னேன்" என்று அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"சொன்னவளுக்கும் புத்தி இல்ல, கேட்டவனுக்கும் புத்தி இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அம்மா அடுப்புக்குத் திரும்பினாள்.

வாயை அடக்கினால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். அவசரத்தில் அவன் மறப்பான். கையும் பழக வேண்டும். பயிற்சிக் களத்தில் படிக்கட்டைப் பார்த்து நின்றாள். தம்பியின் வேலை, அவள் எதிர்பாராத நேரத்தில் "அக்கா!" என்று அலறுவது. அவள் வேலை, அசையாமல் இருப்பது.

முதல் நாள் ஒவ்வொரு அலறலுக்கும் திரும்பினாள். இரண்டாம் நாள் துப்பாக்கி திரும்பவில்லை, நடுங்கியது. அந்த நடுக்கத்தையே குறியாக வைத்துக்கொண்டாள். தோளைத் தளர்த்தினாள். மணிக்கட்டை மேசையில் அழுத்தினாள். கிரேன் லீவரைப் பிடிப்பது போல மவுஸைப் பிடித்தாள். மறுபடி அலறச் சொன்னாள். மறுபடி.

தம்பிக்கு இது பிடித்துப்போயிற்று. கூடத்திலிருந்து அலறினான். மாடிப்படியிலிருந்து அலறினான். ஒரு தடவை குளியலறையிலிருந்து.

"அக்கா! சோப்பு தீந்துபோச்சு!"

அவள் படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா! நெஜமாத்தான்! கண்ணெல்லாம் எரியுது!"

அசையவில்லை. ஈரத் துண்டோடு அவன் வாசலில் வந்து நின்றபோது, ஒரு கண் சிவந்திருந்தது.

"நீ மனுஷியே இல்ல."

"நடுங்குச்சா பாத்தியா?" என்று கேட்டாள்.

ஆட்டத்தில் முதலில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. சொல்லவந்த வார்த்தையை விழுங்கி வேறு வார்த்தை தேடுவதற்குள் தம்பி திணறினான். "அ... பேக்கரி... ரெண்டு... இல்ல, ஒண்ணு..." பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் அணிக்காரன் பல்லு, இவன் வாய்க்கு ஒரு கிளிப் மாட்டித் தரட்டுமா என்று கேட்டான். புள்ளிகள் சரிந்தன. அவள் மறுபடி பயிற்சிக் களத்துக்குப் போனாள்.

வாரக் கடைசியில் வார்த்தைகள் வரிசைக்கு வந்தன. "பேக்கரி, ரெண்டு பேர்." "கிணத்தடி, ஒருத்தன், கால்வாசி உயிர்." சொல்லிவிட்டு அவன் செத்தான். அவள் நின்றாள். அவன் சொன்னதை வைத்து மற்றவர்கள் சுட்டார்கள். இறங்கியதெல்லாம் ஏறியது. அதற்கு மேலும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரே ஒரு வெற்றி பாக்கி இருந்தது. மாலையில் சீசன் மூடிவிடும். இன்னொரு ஆட்டத்துக்கு நேரம் இருக்காது.

ஆட்டம் இழுபறி. இரு தரப்பும் பன்னிரண்டு சுற்று ஜெயித்து, கடைசிச் சுற்றுக்கு வந்து நின்றது. இவர்கள் கிடங்குக்குள் குண்டை வைத்துவிட்டார்கள். வைப்பதற்குள் வாத்தியார் போனார், பல்லு போனான், மியூட் சத்தமில்லாமல் போனான். எதிரிகள் இரண்டு பேர் மிச்சம். குண்டு வெடிப்பதற்குள் அவர்கள் கிடங்குக்கு வந்தாக வேண்டும். வழியும் இரண்டு. பேக்கரியில் தம்பி. படிக்கட்டில் அவள்.

குண்டின் டிக் டிக் வேகமெடுத்தது.

பேக்கரியில் துப்பாக்கி வெடித்தது. பதிலுக்கு இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. திரையின் மூலையில் தம்பியின் படம் சாம்பல் நிறமானது.

அவள் அவன் குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

அலறலுக்குப் பழகியிருந்தாள். மௌனத்துக்குப் பழகியிருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கை பேக்கரிப் பக்கம் போகத் துடித்தது. அவன் கூப்பிடவில்லை, கூப்பிடாதது கூப்பிட்டதைவிட மோசமாக இழுத்தது. மணிக்கட்டை மேசையோடு அழுத்தினாள்.

"நில்லு" என்றான்.

கட்டைக் குரல். அவனுடையது மாதிரியே இல்லை.

நின்றாள். படிக்கட்டில் ஒரு தலை எழும்பியது. சுட்டாள். தலை சரிந்தது.

"பேக்கரி. ஒருத்தன். பாதி உயிர்."

இப்போது திரும்பினாள். தானாக, தெரிந்தே திரும்பினாள். பாதி உயிர்க்காரனுக்கு நீளத் துப்பாக்கி வேண்டாம், தலையைத் தேடவும் வேண்டாம். கைத்துப்பாக்கியை எடுத்தாள். அவன் கதவைத் தாண்டி வந்தான். எங்கே பட்டாலும் போதும் என்று சுட்டாள். பட்டது. இன்னொன்றும் பட்டது.

ஹெட்போனில் ஒரே கூச்சல். அதற்கு நடுவில் யாரும் கேட்டறியாத ஒரு குரல் மெல்ல, "ஜெயிச்சிட்டோமா?" என்றது.

"யாருப்பா அது?" என்றான் பல்லு.

"நான்தான். மியூட்."

"அடப்பாவி, உனக்கு இவ்வளவு நல்ல குரலா!"

திரையில் தங்கம் உடைந்து வைரம் எழும்பிச் சுழன்றது. வாத்தியார் கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"அஞ்சு பேரையும் தகுதிச் சுற்றுக்குப் பதிஞ்சுடுறேன். யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார். சற்று நிறுத்தி, "கிரேன், காரணம் என்னன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சோம். சின்ன விஷயம்தான் வாத்தியாரே."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். காது சுட்டது. எழுந்து போய் தம்பி அறைக் கதவைத் தள்ளினாள். அவன் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை.

"ஏன்டா உடனே சொல்லல? உசிரே போச்சு எனக்கு."

"வாயில வேற வார்த்தைதான் வந்துச்சு. அத முழுங்க நேரமாச்சு."

அவள் அவன் தலையைக் கலைத்துவிட்டாள். அவன் கையைத் தட்டிவிட்டான். அடுத்த வாரம் எந்த வழியை யார் பார்ப்பது, பேக்கரிக்குள் இன்னும் தள்ளி நின்றிருந்தால் தப்பித்திருப்பானா என்று சிறிது நேரம் பேசினார்கள். தப்பித்திருப்பான் என்று முடிவாயிற்று. நாளை அதைப் பழக வேண்டும்.

பிறகு அவள் தன் அறைக்கு வந்தாள். மேசையில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அக்கா!"

கை துள்ளி, டீ கீபோர்டில் கொட்டியது. துடைக்கக்கூட நிற்காமல் ஓடினாள்.

"என்னடா? என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றான் தம்பி. "வேலை செய்யுதான்னு பாத்தேன்."