பொறுப்பு நீதிபதியின் எட்டாவது வாய்தா

எங்கள் முன்சீப்புக்கு மாற்றல் உத்தரவு வந்த நாளில் நான் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி வக்கீல் நவநீதகிருஷ்ணன் என்னைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். யோகேஸ்வரி வீட்டுச் சுவருக்கும் கம்பெனி வாங்கிய இடத்துக்கும் எத்தனை அடி இருக்கும் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். நான் செருமினால் பதில் அரைமணி நேரத்துக்குக் குறையாது என்று முன்சீப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். மணியைப் பார்த்தார், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். சாயங்காலம் உத்தரவு வந்தது. நாளைக்கு அவர் வேறு மாவட்டத்தில் இருந்தார்.

ஐந்து மாதம் ஆயிற்று. கூண்டை விட்டு இறங்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. உண்மையைத் தவிர வேறொன்றும் பேச மாட்டேன் என்று நான் செய்த சத்தியத்தையும் யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் ஐந்து மாதமாக நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஏழாயிரம்பண்ணை டீக்கடையில் என் பெஞ்சில் உட்கார இப்போது ஆள் கிடையாது.

வழக்கு சின்னதுதான். யோகேஸ்வரி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரிசல் துண்டில் ராஜபாண்டியன் முதலாளி பட்டாசு மருந்து கலக்கும் அறை கட்டப் பார்த்தார். யோகேஸ்வரியும் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள்தான், வேறு கம்பெனி. மருந்து என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். முன்சீப் முன்னால் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பகல்ல நான் மருந்துகிட்ட போறேன்யா. அது என் வகுத்துப்பாடு. ராத்திரி அது எங்கிட்ட வந்து படுக்க வேணாம்."

முன்சீப் இடைக்காலத் தடை கொடுத்தார். அடுத்த வாய்தா வரைக்கும் கட்டக்கூடாது. ஒவ்வொரு வாய்தாவிலும் அதை நீட்ட வேண்டும். நீட்டாமல் விட்டால் தடை அன்றோடு செத்துப்போகும். மனுஷன் மாற்றலாகிப் போனபிறகு அவருடைய வழக்குக் கட்டுகளையெல்லாம் பக்கத்து ஊர் நீதிபதி அம்மாள் ஒருவர் பொறுப்பாகப் பார்த்தார். அந்த அம்மாளைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை. சொந்தக் கோர்ட்டு ஒன்று, காலியாகக் கிடக்கும் இன்னொன்று, மூன்றாவதாக எங்களுடையது. மாலை நாலரைக்கு வந்து உட்கார்ந்தால் மேஜையில் கட்டுகள் அம்பாரமாக இருக்கும். அம்மாள் கையெழுத்துப் போடப் போட, பெஞ்சு கிளார்க் பெயரைக் கூப்பிட்டுத் தேதியை வீசுவார். அந்த வேகத்தில் டீ கொண்டுவந்த மாரிசாமிக்கும் ஒரு தேதி விழுந்துவிட்டது. அவன் பயந்துபோய் மூன்று வாய்தா ஒழுங்காக வந்து நின்றான். நாலாவது வாய்தாவில் அவனை எதிர்த்து ஒரு வக்கீலும் வந்தார்.

கோபம் எனக்கு எதில் என்றால், நாற்காலி காலியாகும் என்று மேலே இருப்பவர்களுக்கு முன்பே தெரியும். கல்யாண வீட்டில் சமையல்காரனை அனுப்பிவிட்டு, பக்கத்துக் கல்யாணத்துச் சமையல்காரன் ஓய்வாக இருக்கும்போது எட்டிப் பார்க்கட்டும் என்று எந்தக் கூறுகெட்டவனாவது விடுவானா? யோகேஸ்வரி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டு, சாத்தூரில் பஸ் மாறி வந்து நின்றாள். கிளார்க் வாயிலிருந்து அவள் எதிர்பார்த்தது இரண்டே வார்த்தை. "தடை நீட்டிப்பு." அதைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எட்டாவது வாய்தாவில் கிளார்க் தேதியைச் சொன்னார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. எங்கள் வக்கீல் மாடியில் வேறு வழக்கில் இருந்தார். நவநீதகிருஷ்ணன் கட்டை மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல வாசலைப் பார்த்து நடந்தார்.

"ஐயா, தடைய நீட்டலையே," என்றாள் யோகேஸ்வரி. கிளார்க் அவளை ஒதுங்கச் சொன்னார். மறுபடியும் கேட்டாள். சத்தம் போடாதே என்றார்.

நான் போய்க் கூண்டில் ஏறினேன்.

அம்மாள் நிமிர்ந்து, "பெரியவரே, உங்களை யாரும் கூப்பிடலையே?" என்றார்.

"கூப்பிட்டாகம்மா. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி. இன்னும் எறங்கச் சொல்லல."

தான் பொறுப்பு நீதிபதி, பாதியில் நிற்கும் சாட்சியத்தைத் தான் எடுப்பதில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"நீங்க ஒண்ணும் எடுக்க வேணாம்மா. வக்கீலய்யா கேள்வியக் கேட்டுட்டாக. பதில் மட்டுந்தான் கெடக்கு. நாப்பத்தோரு அடி. கயித்தப் போட்டு அளந்தேன். அதுக்குள்ள மருந்து ரூம் வந்துச்சுன்னா, இந்தப் பிள்ளைக்குச் சுவரும் இருக்காது, தூங்க எடமும் இருக்காது. தடைய நீட்ட மறந்துட்டீக."

போலீஸ்காரர் என் கையைப் பிடித்தார். அம்மாள் கையமர்த்தி, கட்டைத் திரும்ப வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கிளார்க் பேனா மூடியைக் கடித்தார். வாசல் வரை போன நவநீதகிருஷ்ணனை அம்மாள் கூப்பிட்டு, அடுத்த வாய்தா வரை கட்டமாட்டோம் என்று உறுதி தருவீர்களா என்று கேட்டார். கட்சிக்காரரைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார் அவர்.

"கலந்துக்குங்க," என்று அம்மாள் எழுதத் தொடங்கினார். "மறு உத்தரவு வரும் வரை தடை. இனி தேதிக்குத் தேதி நீட்ட வேண்டியதில்லை. இந்த உத்தரவ நீங்க நேரில் நின்னு கேட்டிருக்கீங்க, வக்கீல் சார். தெரியாதுன்னு சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "இறங்குங்க," என்றார்.

இத்தனை நாள் இதை எழுத எது தடுத்தது? எழுதியது ஒரே வரி. அதற்கு எட்டு வாய்தா.

மறுநாள் விடிந்ததும் கரிசலில் மண் அள்ளும் வண்டி வந்து நின்றது. நாங்கள் ஓடிப்போவதற்குள் ஒரு பக்கெட் மண்ணை அள்ளிவிட்டது. ஓட்டுகிற முத்துப்பாண்டி, முதலாளி அள்ளச் சொன்னார், உத்தரவுக் காகிதம் இருந்தால் காட்டுங்கள் என்றான். நகல் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். யோகேஸ்வரி பக்கெட்டுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"காயிதம் இல்ல. கம்பெனி வக்கீலுக்குப் போன் போடு."

போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நவநீதகிருஷ்ணன் தூக்கக் கலக்கத்தில் பேசினார்.

"வக்கீலய்யா, நான் யோகேஸ்வரி. நேத்து அந்தம்மா சொன்னத நீங்க கேட்டீகளா, இல்லையா?"

போனில் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"கேட்டேன்," என்றார்.

"அத இவன்ட்ட சொல்லுங்க."

"வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பா," என்றார் வக்கீல். போன் அணைந்தது.

முத்துப்பாண்டி நிம்மதியாக வண்டியைத் திருப்பப் போனான். யோகேஸ்வரி நகரவில்லை.

"ஏலே, அள்ளுன மண்ணப் போட்டுட்டுப் போ."

அவன் குழியில் மண்ணைக் கொட்டினான். மட்டம் பண்ணச் சொன்னாள், பண்ணினான். ஒரு ஓரத்தில் மேடு தட்டியது, அதையும் காட்டினாள். பிறகுதான் தன் கம்பெனி வேனைப் பிடிக்க ரோட்டுக்கு ஓடினாள்.