செவலையின் பெயரில் வந்த சேதி

நான்தான் மாற்றிக் கட்டினேன் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? மாமனார் கத்துவார். கத்தி ஓய்ந்ததும் தண்ணீர் கேட்பார். அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். செத்த கன்று செத்ததுதான். யார் கட்டியது என்று அது வந்து கேட்கவா போகிறது?

இப்படி நினைத்துக்கொண்டே அவள் பால் அறைக் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கை சுத்தமாகி வெகு நேரம் ஆயிற்று. குழாயை மூடினால் கணவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ஒரு வார்த்தைதானே கேக்கிறேன்," என்றான் அவன், கதவை ஒருக்களித்து மூடிவிட்டு. "என்னமோ சொத்தை எழுதித் தரச் சொன்ன மாதிரி நிக்கிற."

வெளியே, பின் கொட்டகையில், மாட்டு டாக்டரும் மாமனாரும் கிடேரியை எழுப்பி நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு இது தலைச்சன் ஈற்று. பக்கத்தில் கன்றின் மேல் ஒரு சாக்கு கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஈனும் நாள் நெருங்கிய மாடுகளின் வாலில் சென்சார் பட்டை கட்டியிருப்பார்கள். வலி எடுத்து மாடு வாலைத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்ததும், இன்ன மாடு ஈனப்போகிறது என்று பெயர் சொல்லி அது போனுக்குச் சேதி அனுப்பும். பட்டைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எது எந்த மாட்டுடையது என்று உள்பக்கம் பேனாவால் எழுதியிருக்கும். காலையில் செவலைப் பசுவின் பட்டையையும் கிடேரியின் பட்டையையும் கணவன் கழற்றிச் சார்ஜ் போட்டான். திரும்பக் கட்டும்போது யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. செவலையுடையது கிடேரிக்குப் போயிற்று, கிடேரியுடையது செவலைக்கு.

சேதி வரும் போன் அவளுடையது. அது மாமனார் செய்த முடிவு. "இவ கையில இருக்கட்டும். கூப்பிட்டா எந்திரிக்கிற ஆள் இந்த வீட்ல இவ ஒருத்திதான்," என்று இரண்டு மகன்களையும் எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கே ஓரகத்தி அவளுக்குக் "கன்ட்ரோல் ரூம்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அலறியது. திரையில் செவலையின் பெயர். தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு முன் கொட்டகைக்கு ஓடினாள். செவலை சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாலில் பட்டை ஒழுங்காக இருந்தது. வலி இப்போதுதான் தொடங்குகிறது போல என்று வைக்கோலைப் பரப்பிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மறுபடியும் சேதி. மறுபடியும் செவலை.

தீவன வாளியோடு ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன கன்ட்ரோல் ரூம், உன் செவலை கன்னு போடுதா, ஏப்பம் விடுதா?"

"நேரம் வந்துடுச்சுன்னு போன் சொல்லுதுக்கா."

"போனுக்குத் தெரிஞ்சுடுச்சு. மாட்டுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லலை போல."

இருவரும் சிரித்தார்கள்.

வாளியை எடுத்துக்கொண்டு பின் கொட்டகைக்குப் போன ஓரகத்திதான் பிறகு கூச்சல் போட்டாள். கன்றின் முன்கால் ஒன்று உள்ளே மடங்கிச் சிக்கியிருந்தது. டாக்டர் வந்து வெளியே எடுத்தபோது மூச்சில்லை. கிடேரியின் வாலைக் கழுவிய மாமனார் பட்டையைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்னு தெரிஞ்சா அப்பா பண்ணைப் பொறுப்பை அண்ணன் கையில தூக்கிக் குடுத்துடுவாரு," என்றான் கணவன். "இதுக்காகத்தானே காத்துக்கிட்டு இருக்காரு. நீன்னா ஒரு பொழுது கத்துவாரு, அவ்வளவுதான்."

அவள் குழாயை மூடினாள். "அப்புறம் என்னைக் கொட்டகைப் பக்கம் விடுவாரா?"

"விடலைன்னா நல்லதுதானே? இடுப்பு வலி இடுப்பு வலின்னு நீதான் புலம்புற. பேசாம வீட்ல இரு."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாகவே நம்பினான். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் இடுப்பு வலி மட்டும்தான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மாட்டின் உள்ளே கையை விட்டு, மடங்கிய காலைத் தடவித் தடவி நிமிர்த்தும்போது அவளிடம் யாரும் குழம்பு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. அந்த நேரத்தில் மட்டும் எல்லோரும் அவள் என்ன சொல்வாள் என்று காத்து நிற்பார்கள். அதை இவனுக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

அவன் கேட்டதற்குத் தலையாட்டிவிடலாம் என்று தோன்றியதற்கும் காரணம் இருந்தது. செவலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பின் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடித்தொண்டையிலிருந்து வரும் சத்தம். அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். எழப்போனவள் போனைப் பார்த்தாள். செவலை என்றிருந்தது. உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்க்கும் தூரம்தான்.

அது நினைவில் வந்ததிலிருந்து, யாராவது தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எதற்காகத் திட்டினால் என்ன? அவன் அதைத் தெரிந்துகொண்டு கேட்கவில்லை. அவனுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. பழக்கத்தில் கேட்டான். அவன் தப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால், அவள் தப்பு அதன் அடியில் நசுங்கி, இல்லாததுபோல ஆகிவிடும். கடைசியில் அதுகூடத் தனக்கென்று மிஞ்சாது என்று பட்டது.

கதவு திறந்தது. மாமனார் நின்றார். கையில் பட்டை.

"காலையில இதைக் கட்டினது யாரு?"

கணவன் தொண்டையைச் செருமினான். "அவ ஏதோ சொல்லணும்னு சொல்லிட்டு இருந்தாப்பா."

"சொல்லும்மா."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கிடேரி கத்தினது எனக்குக் கேட்டுச்சு மாமா. போன்ல செவலைன்னு வந்ததால எந்திரிச்சுப் போய்ப் பார்க்கலை. போயிருந்தா கன்னு பிழைச்சிருக்கும்."

மாமனார் அவளையே பார்த்தார். அவர் முகம் வாடியது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அதான், அவளே ஒத்துக்கிட்டாளே..." என்று கணவன் அவசரமாக ஆரம்பித்தான். பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "மீதியையும் சொல்லிடு," என்றான்.

"மீதி எதுவும் எங்கிட்ட இல்லைங்க," என்றாள் அவள்.