ஓட்டை இலை

"பதினெட்டரை! வந்து பாருங்க எல்லாரும், பதினெட்டரை சென்டிமீட்டர்! சுவர் ஏறிக் குதிக்காம இந்த அளவு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"சார், டேப்பை எடுங்க, கண்ணாடி உடைஞ்சிடும். அவரை அவன் இவன்னு பேசாதீங்க" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நூலகர் அம்மா அவரைவிட உரக்கக் கத்தினார். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

ஏணி மேல் நின்று சத்தம் போட்டவர் எங்கள் பின்வீட்டுக்காரர். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றும் இடுப்பிலிருந்து அளவு டேப்பு இறங்கவில்லை. தெருவில் அவருக்குப் பெயரே டேப்புதான். திட்டு வாங்கியவர் என் மாடி அறையில் குடியிருக்கும் ஓவியர். தோட்டத்துப் பூக்களையும் செடிகளையும் தவிர எதையும் வரைய மாட்டார். என்னை வரைந்து கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க ஒரு இடத்துல நிக்க மாட்டீங்களே" என்றார். அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூவோ இலையோ, செடியில் என்ன அளவோ அதே அளவுதான் தாளிலும். ஒரு மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் அன்றைக்கு வம்பை விலைக்கு வாங்கிக் கொடுத்தது.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் அவருடைய படங்கள் பதினாறை மாட்டியிருந்தார்கள். பதினாறாவது ஒரு டேலியா. கறுப்புக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்த மாதிரி ஒரு சிவப்பு, இதழ் நுனியில் மட்டும் வெள்ளை. டேப்பு விதை போட்டு மூன்று வருடம் காத்திருந்து எடுத்த பூ அது. விதையிலிருந்து வரும் டேலியா ஒவ்வொன்றும் ஒரு தினுசு, அதனால் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பது அவர் வாதம். மலர்க் கண்காட்சிக்கு முன்னால் எவர் கண்ணும் படக் கூடாதென்று தோட்டக் கதவுக்குப் பூட்டு, பூவுக்குக் குடை. குடை சாய்ந்திருக்கும் நேரத்தில் என் மொட்டை மாடியிலிருந்து தெரியும் என்பது வேறு விஷயம். துணி காயப்போடப் போகிறவள் கண்ணை மூடிக்கொண்டா போவாள்? படத்தைப் பற்றி டேப்பிடம் சொன்னதும் நான்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. "உங்க பூ மாதிரியே ஒண்ணு மாட்டியிருக்காங்களே சார், நீங்கதான் குடுத்தீங்களா?" என்று காய்கறிக் கடையில் கேட்டேன், அவ்வளவுதான்.

"நான் சுவர் ஏறல" என்றார் ஓவியர். குரல்கூட உயரவில்லை. அவர் பார்வை தரையிலேயே இருந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றமில்லாதவன் கத்துவான்.

நூலகர் அம்மா விடவில்லை. "பூவுக்குக் கீழ இருக்கற இலையைப் பாருங்க. எட்டு ஓட்டை. உங்க செடியில பூச்சி அரிச்ச இலை இருக்கா?"

"என் செடியிலயா? ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்! பூச்சி என் காம்பவுண்டுக்குள்ளயே வராது."

"அப்ப இது உங்க செடி இல்ல."

டேப்பு ஏணியிலிருந்து இறங்கினார். "பூவைத் திருடிட்டு இலையை மாத்திப் போட்டிருக்கான்!" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வீட்டுக்காரம்மா? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த ஆளைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லன்னா நான் போலீசுக்குப் போறேன்."

நான் ஓவியரைப் பார்க்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் துணிப்பையோடு நின்ற டேப்பின் மனைவியைப் பார்த்தேன். தையல்கார அக்கா. ஐந்து மாதமாக எனக்கு உறுத்திக்கொண்டிருந்த சந்தேகம் சுவர் சம்பந்தப்பட்டதே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் டேப்பு குளியலறைக்குள் போனதும் (அவர் குளிக்க ஐம்பது நிமிடம் ஆகும், தண்ணீரையும் அளப்பாரோ என்னவோ) அக்கா என் மாடிப்படி ஏறுவாள். கேட்டால் "திரைச்சீலை தைக்கிறேன்" என்பாள். அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அந்த ஒரு ஜன்னலுக்கு நாற்பது தடவையா அளவெடுப்பார்கள்? திரையும் வந்தபாடில்லை. அவள் முழங்கையில் ஒருமுறை பச்சைக் கறை பார்த்தேன். தாடி வைத்த ஆளோடு ஐம்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று நான் தூங்காமல் புரண்டிருக்கிறேன்.

எனவே வாய் சும்மா இருக்கவில்லை. "சுவர் ஏற வேண்டிய அவசியமே இல்லாமலும் இருந்திருக்கலாம் சார்" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்த இலை நம்ம செடியிலதான் இருந்துச்சு."

"நம்ம செடியில ஓட்டை இலையே கிடையாதுடீ!"

"நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தினம் நான் கிள்ளிப் போட்டுடறேன். புழுவையும் நான்தான் பொறுக்கறேன். நீங்க வந்து பூவை மட்டும் அளப்பீங்க."

பையிலிருந்து வாடிக்கையாளர் அளவுகள் எழுதும் நோட்டை எடுத்தாள். ஜாக்கெட் அளவுகளுக்கு நடுவே ஒரு காய்ந்த இலை. அதை எடுத்துப் படத்தின் கண்ணாடி மேல், வரைந்த இலைக்கு நேராக வைத்துப் பிடித்தாள். எட்டு ஓட்டைகளும் அதே வரிசை. ஓரத்தில் பாதி கடித்து விட்டிருந்ததுகூட அப்படியே.

டேப்புக்குக் கை தானாக இடுப்புக்குப் போனது. இலையை அளந்தார். படத்தை அளந்தார். "நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்" என்றார். குரலில் ஒரு தெம்பு. "படம் பெரிசு."

"படம் சரி. இலைதான் சுருங்கிடுச்சு. காஞ்சா சுருங்கும்."

எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவள் ஒரு செம்பருத்தி வரைந்து காட்ட, இவர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "காம்பு நீளம் தப்பு" என்று திருப்பிக் கொடுத்த கதையை, எனக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டே அவள் ஒருநாள் சிரித்தபடி சொன்னதுண்டு. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

"நீயா வரைஞ்சே?"

"உங்க டேப்புலதான் அளந்தேன்."

டேப்பு ஓவியரைப் பார்த்தார். அப்போதுதான், என் ஐந்து மாதச் சந்தேகம் ஒரே நொடியில் அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது. "எத்தனை நாளா?"

"சாயம் கலக்க மட்டும்தான் நான் சொன்னேன்" என்றார் ஓவியர். "சொல்ல வேண்டாம்னாங்க. அதனால பேர் போடாம என் படங்களோட மாட்டினேன். அளவெல்லாம் அவங்களுக்கே தெரிஞ்சிருந்தது."

டேப்பு பொத்தானை அழுத்தினார். அளவு நாடா சர்ரென்று உள்ளே சுருண்டது. மன்னிப்பும் கேட்கவில்லை, படத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார். அக்கா பின்னால் போகவில்லை. நூலகர் அம்மாவிடம் பேனா வாங்கி, படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் தன் பெயரை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

டேப்பின் பூ கண்காட்சிக்குப் போகவில்லை. ஓவியர் மூன்று மாதத்தில் அறையைக் காலி செய்தார். நான் சொல்லித்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், அது பொய். அவர் கல்யாணம் செய்துகொண்டார், நூலகர் அம்மாவை. ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படித் தொண்டை கிழியக் கத்தியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் மாடிப்படியைக் காவல் காத்தவள் நூலகத்துப் பக்கம் தலை திருப்பவில்லையே என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத குறை. நூலகர் அம்மா மாற்றல் வாங்க, இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அந்த அறையில் அக்கா இருக்கிறாள். தையலுக்கு என்றுதான் எடுத்தாள், பிறகு பாயும் தலையணையும் வந்தன. சாப்பாட்டுக்கு மட்டும் சில நாள் பின்வீட்டுக்குப் போகிறாள், சில நாள் போவதில்லை. ஜன்னலுக்குத் திரை இன்னும் போடவில்லை. காலையில் நான் துணி காயப்போடும்போது டேப்பு குனிந்து இலைகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஓட்டை விழுந்த இலை ஏதாவது அகப்பட்டால் கிள்ளி, எங்கள் வீட்டுப் பக்கத்து மதில் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லையும் வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போவார். சமாதானமா, சோதனையா என்று சொல்ல முடியவில்லை. சிறிது நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கல் மட்டும் இருக்கும்.