சேதுபதி கடையின் ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜை உடைத்தது என் புருஷன் இஞ்ஞாசி. உடைக்க வைத்தது நான். ஊர்க்காரர்கள் முதலாவதை மட்டும்தான் சொல்வார்கள். இரண்டாவதை நான் சொன்னால்தான் உண்டு.

என் மகள் வினிதாவுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடாவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தொண்ணூற்றாறில் திண்டுக்கல்லில் பெரிய கடைகளில்தான் அது கிடைக்கும். அந்த விலை எங்களுக்குக் கட்டாது. பேகம்பூர் பக்கம் சின்ன மருந்துக்கடை வைத்திருந்த சேதுபதி அண்ணன் மட்டும் திங்கட்கிழமை தோறும் மதுரைக்குப் போய் வாங்கி வந்து, ஐந்து பிள்ளைகளுக்கு அசல் விலைக்கே கொடுத்தார்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது? இஞ்ஞாசிக்குப் பூ மார்க்கெட்டில் சுமை தூக்கும் வேலை. வெளியூர் போகும் மல்லிகை மொட்டு விரிந்துவிடாமல் இருக்க, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்புவார்கள். அதே மாதிரி ஒரு பெட்டியை வீட்டில் வைத்து, மருந்தை அதில் போட்டு வைத்தோம். சித்திரை வெயில் ஏறியதும், "ஐஸுக்குள்ள நல்லாப் புதைச்சு வைங்க, மொட்டே மூணு நாள் தாங்குதுல்ல" என்று சொன்னவள் நான். ஐஸ் இன்னும் குளிர்வதற்குக் குல்பிக்காரன் செய்வதைப் பார்த்து, உப்பையும் அள்ளிப் போட்டேன். பெரிய அறிவாளி என்று நினைப்பு எனக்கு.

நாலாம் நாள் காலையில் பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சில் அழுகின பழவாடை. ஒரு வேளை ஊசிகூடத் தவறவில்லையே! அப்படியானால் மருந்துதான் போலி.

"அசல் வெலைக்கு எவன் குடுப்பான்? தண்ணிய அடைச்சுக் குடுத்து நம்ம பிள்ளையக் கொல்றான். போய்க் கேளுங்க. இல்லேன்னா கையில வளையலப் போட்டுக்கங்க!" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவைக் கடை முன்னால் நிறுத்தினார் இஞ்ஞாசி. ஐஸ் உடைக்கும் இரும்புக் கம்பி கையில் இருந்தது.

"என்னப்பா, பிள்ளைக்கு என்ன?" என்று எழுந்தார் சேதுபதி. முதல் அடி வாயில் விழுந்தது. பல் தெறித்தது. அவர் தரையில் சரிந்த பிறகும் இஞ்ஞாசி மிதித்தார். "எங்க வச்ச..." என்று சேதுபதி ரத்தத்தோடு ஏதோ கேட்க வந்தார், கேட்க விடவில்லை. அப்புறம் கம்பி ஃபிரிட்ஜின் மேல் இறங்கியது. கதவு பிய்ந்து குப்பிகள் தரையெல்லாம் நொறுங்கின.

நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாக் குடுங்க!" என்று கத்தினேன். ஜனம் ஓடிவந்து இஞ்ஞாசியைக் கம்பத்தில் கட்டியது. நான் ஆட்டோவை விடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் எங்கள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில் உப்புப் பூத்த மாதிரி துகள் ஒட்டியிருந்தது.

"இத எங்க வச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"உறைஞ்சு போச்சும்மா. உறைஞ்சா மருந்து செத்துரும். கடைக்காரர் மேல தப்பில்ல. நாளைக்கு வரைக்குந்தான் இங்க மருந்து இருக்கு. அப்புறம் நீங்கதான் வாங்கணும்."

சாயங்காலம் திரும்பக் கடைக்குப் போனேன். கம்பத்தில் இஞ்ஞாசி இல்லை, போலீஸ் கொண்டுபோயிருந்தது. உதட்டில் தையலோடு சேதுபதி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆத்தூர் பேச்சாயி தரையில் குனிந்து கண்ணாடித் துண்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்கும் இந்தக் கடை மருந்துதான்.

"தப்பு எங்க மேலதாண்ணே. உப்பு போட்ட ஐஸ்ல வச்சுட்டோம்" என்றேன்.

பேச்சாயி நிமிர்ந்தாள். என் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். செருப்பைக் கழற்றி முகத்திலேயே மாறி மாறி அறைந்தாள். "எம்புள்ளைக்கு ராத்திரி ஊசிக்கு என்னடி செய்வேன்? சொல்லுடி!" நான் கையைத் தூக்கவே இல்லை. இன்னும் அடிக்க மாட்டாளா என்றிருந்தது.

"விடு பேச்சாயி," என்றார் சேதுபதி. பேச்சு குழறியது. "ஒடையாதது ரெண்டு கெடக்கு."

மேசையில் இரண்டு குப்பிகளை வைத்தார். பேச்சாயி ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

"உம்பிள்ளையத் தவிர இன்னும் மூணு பிள்ளைக இருக்கு," என்றார் அவர். "இன்னைக்கு வெள்ளிக்கெழம. திங்கக்கெழம வரைக்கும் இந்த ஒண்ணுதான்."

அவர் யாருக்கு என்று சொல்லவில்லை. வெட்கத்தில் உடம்பு எரிந்தது. குப்பியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்த மூன்று பிள்ளைகளும் யார் என்று நான் கேட்கவில்லை.