கல்லீரல் வாய் திறந்த விடுமுறை

என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஃபெர்கஸ் நல்லவன்தான். ஆனால் அவன் நல்லது செய்யக் கிளம்பினால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

எங்கள் ஆய்வகத்தின் முழுப் பிழைப்பும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றில்தான். அதில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் மனிதக் கல்லீரல் செல்கள், மற்றதில் தானாகவே துடிக்கும் இருதயச் செல்கள். சின்ன பம்ப் ஒன்று ஒரே திரவத்தை இரண்டுக்கும் சுற்றிவிடும். அந்தத் திரவத்தில் இருதயத்தை முடுக்கும் ஹார்மோன் ஒன்று அரைவேக்காடாக இருக்கும். அதை முழுதாக வேகவைத்து இருதயத்துக்கு அனுப்பவேண்டியது கல்லீரல். நம் உடம்புக்குள் அது பேசாமல் தன் வேலையைச் செய்கிறது. எங்கள் தட்டிலோ ஒரு வருடமாக அசையவில்லை. இருதயம் பாட்டுக்கு மந்தமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தலைவி டெஸ்பினா கறாரானவர். "மெரின், கோப்பைப் பந்தய லீவு முடிஞ்சு புதன்கிழமை பாப்போம்," என்றார். "அன்னிக்கும் ஒண்ணும் இல்லைன்னா பம்பைப் பக்கத்து டீமுக்குக் குடுத்துடறேன். நீயும் வேற வேலை பாரு."

எனக்கு வேறு வேலை வேண்டாம். இந்தத் தட்டை நான் என் கையால் செதுக்கியிருக்கிறேன். அதன் பம்பைப் பக்கத்து டீம் தூக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கோப்பைப் பந்தயம் என்பது மெல்பர்னின் பெரிய குதிரைப் பந்தயம்; செவ்வாய்க்கிழமை நடக்கும், ஊருக்கே லீவு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. குதிரைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்பார்கள். எங்களிடம் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. தேறவே தேறாது என்று ஊரே கைகழுவிய குதிரை யாருக்கு விழுகிறதோ, அவர்தான் விடுமுறை முழுக்கத் தினம் காலையில் வந்து செல்களுக்குத் திரவம் மாற்றவேண்டும். 'தினமும் புதுசு' என்பது டெஸ்பினாவின் சட்டம். பழையதை உறிஞ்சிக் கழிவுக் குடுவையில் கொட்டிவிட்டுப் புதிதை ஊற்றவேண்டும். ஒரு நாள் தவறினாலும் பொறுக்கமாட்டார்.

'ஈரமான சாக்ஸ்' என்ற அந்த விளங்காத குதிரை எனக்கு விழுந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்த ஃபெர்கஸ் சீட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

"இந்தப் பேருக்காகவே இது எனக்கு வேணும். நீ என்னோடதை வச்சுக்கோ."

தங்கமான மனசு என்று நினைத்துக்கொண்டு நான் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை, தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்தேன். ரோஜா நிறத்தில் இருக்கவேண்டிய திரவம் மஞ்சளடித்துக் கிடந்தது. நாட்கணக்கில் யாரும் தொடவில்லை.

"ஃபெர்கஸ், நீ வரவே இல்லையா?"

"நான் எதுக்கு வரணும்? உனக்குத்தானே சீட்டு விழுந்துச்சு."

"சீட்டை நீதானே வாங்கின?"

"குதிரையை வாங்கினேன். வேலையை எவன் வாங்குவான்?"

"அடப்பாவி. அதுவும் கடைசியா வந்த குதிரை."

"கடைசிக்கு முந்தி," என்றான் ரோஷமாக.

செத்ததா பிழைத்ததா என்றாவது தெரியட்டும் என்று தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செல்கள் சாகவில்லை. துடித்தன. மந்தமாக அல்ல, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் நெஞ்சைப்போலத் துடித்தன. நான் நகர்ந்து ஃபெர்கஸைப் பார்க்கவிட்டேன். கண்ணை எடுக்காமலே அவன் விரல் மேசையில் தாளம் தட்டத் தொடங்கியது. தாளம் வேகமாக இருந்தது.

"கெட்டுப்போன திரவத்தால இருக்கும்," என்றேன். சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

"அப்ப தனித்தட்டைப் பாரு."

கல்லீரல் இல்லாமல் இருதயம் மட்டும் வளரும் தட்டு ஒன்றும் உண்டு. அதே திரவம், அதே மஞ்சள். அதில் துடிப்பு பழையபடி தூங்கி வழிந்தது. ஆக, இருதயத்தை ஓடச் சொன்னது கல்லீரல்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டெஸ்பினா உள்ளே வந்தார். பின்னாலேயே பம்பை வாங்கிப்போகப் பக்கத்து டீம் ஆள், கையில் பெட்டியோடு. மஞ்சள் திரவத்தைப் பார்த்ததும் டெஸ்பினாவின் முகம் கடுகடுத்தது.

"யாரு மாத்தாம விட்டது?"

"ரெண்டு பேரும்தான்," என்றோம். "திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க."

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தனித்தட்டையும் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கழிவுக் குடுவையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சமைச்சிருக்கு," என்றார் மெதுவாக. "சேர்றதுக்குள்ள நாமதான் தினம் காலைல கொட்டியிருக்கோம். ஒரு வருஷமா அது பேசினதெல்லாம் இந்தக் குடுவைல போயிருக்கு."

பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப பம்ப்?"

"கிடையாது," என்றார் டெஸ்பினா.

உடனே புதுத் தட்டுகள் போட்டோம். வேண்டுமென்றே நாலு நாள் தொடாமல் விட்டோம். கை நமநமத்ததைச் சொல்லி மாளாது. இருதயம் மறுபடியும் ஓட்டமெடுத்தது.

இனி மிச்சமிருந்தது கேக் வழக்கு. செல் வளர்ப்பில் தப்பு செய்தவர் கேக் செய்து கொண்டுவரவேண்டும் என்பது எங்கள் ஊழியர் அறைச் சட்டம். தப்பு உன்னுடையது, என்னுடையது என்று நானும் ஃபெர்கஸும் தேநீர் நேரம் முழுக்க மல்லுக்கட்டினோம்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார் டெஸ்பினா. "'தினமும் புதுசு'ன்னு சொன்னது யாரு? நான்தான் கொண்டுவரணும்."

அவருக்கு முட்டை வேகவைக்கக்கூட வராது என்பது ஊரறிந்த சேதி. மறுநாள் ஆரஞ்சு கேக் வந்தது. நடுவில் பள்ளம், ஓரத்தில் கருகல். கத்தியைக் குத்தினால் உள்ளே ஈரம்.

"அரைவேக்காடா இருக்கே," என்றான் ஃபெர்கஸ். "தொடாம நாலு நாள் விட்டுப் பாக்கலாமா?"

முதலில் சிரித்தது டெஸ்பினாதான். பக்கத்து டீம் ஆளையும் கூப்பிட்டு அவருக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.