இந்த அளவு கிடைக்காது

1

சிரிக்கச் சிரிக்க ஒரு கதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் தங்கையின் கணவர் ஒரு பழைய இரும்புப் பைத்தியம். கொல்லுப் பட்டறைகளிலிருந்து காயலான் கடைக்கு வந்து சேரும் சாமான்களைத் தேடிப்பிடித்து வாங்கி, படமெடுத்து, தன்னைப் போன்ற பைத்தியங்கள் கூடும் வாட்ஸ்அப் குழுவில் ‘இது என்ன?’ என்று போடுவார். குறடு என்பார் ஒருவர், கொக்கி என்பார் இன்னொருவர், அடிதடி நடக்கும்.

முதல் வரி: ‘மாப்பிள்ளை வீட்டில் மனிதர்களைவிட இரும்புக்குத்தான் அதிக எண்ணெய்—’

(அடித்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை.)

2

அவருக்கு எதையும் சும்மா அலமாரியில் வைக்கப் பிடிக்காது. பழைய சாமான் மறுபடி வேலை செய்ய வேண்டும். அப்படித்தான் ஒரு கீல் வைத்த வளையத்தை வினிகரில் ஊறப்போட்டார். வாங்கும்போது துருவேறி, திறந்தபடியே இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டதும் உள்ளேயிருந்த ஸ்பிரிங் உயிர் பெற்றுவிட்டது.

“டக்குனு மூடுது மச்சான்! காலியா இருக்கிறப்ப உள்பக்கமா விரல் விட்டு அழுத்தினா திறந்துக்குது!” என்று போனில் குதித்தார்.

“என்ன சாமான் அது?”

“இன்னும் யாரும் சரியா சொல்லல.”

(இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் ஓடிவந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

“மாமா, என் வளையல பாருங்க!”

டக்.

கழற்ற வரவில்லை. சோப்பு போட்டோம், எண்ணெய் விட்டோம். முதலில் சிரித்தவள் பிறகு அழ ஆரம்பித்தாள். தங்கை சாவித் துளையைத் தேடினாள். அப்படி ஒன்றே இல்லை, உள்ளே விரல் விட இடமும் இல்லை.

“ரம்பத்தை எடுத்துட்டு வாங்க. அறுத்துடலாம்.”

மாப்பிள்ளை நகரவில்லை. “கொஞ்சம் பொறு. இன்னும் கொஞ்சம் சோப்பு போட்டுப் பாரு.”

“என்னத்த பொறுக்கிறது? கை வீங்குது, தெரியலயா?”

“பெரியவங்களுக்குச் செஞ்ச அடிமை விலங்கு எங்க வேணா கிடைக்கும். இந்த அளவு கிடைக்காது.”

(‘என்று தடுமாறினார்’ என எழுதி அவரைக் கொஞ்சம் காப்பாற்றப் பார்த்தேன். அவர் தடுமாறவில்லை. வந்த விருந்தாளிக்கு அலமாரியைக் காட்டுகிற அதே குரல்.)

விலங்கு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் போனில் பேசியபோதே தெரிந்திருக்கிறது. குழந்தைக் கையை அளந்து எவனோ ஒருத்தன் இதை அடித்திருக்கிறான். திறக்கும் எண்ணமே இல்லாததால் சாவித் துளை வைக்கவில்லை. அதை இவர் வினிகரில் ஊறவைத்துப் பழுது பார்த்து, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார்.

4

தங்கையே ரம்பத்தை எடுத்து வந்தாள். பழைய பெல்ட்டிலிருந்து ஒரு துண்டு தோலை வெட்டி, இரும்புக்கும் கைக்கும் நடுவே செருகினாள். நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். தங்கை அறுத்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

5

முடிவுக்கு வருவோம்.

ஒன்று: மாப்பிள்ளை ரம்பத்தைப் பிடுங்கித் தானே அறுத்து, கதறி அழுகிறார். (பொய். ஆனால் படிப்பவர்கள் விரும்புவார்கள்.)

இரண்டு: தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னுடன் கிளம்பி— (இதை எழுதும்வரை கிளம்பவில்லை. அவரோடு பேசவும் இல்லை.)

மூன்றாவது நடந்தது. குழந்தை சிவந்த மணிக்கட்டைத் தேய்த்தபடி இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். உட்புறம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“அப்பா, எனக்கு முன்னாடி இதப் போட்டிருந்த பாப்பாவுக்கு யாரு அறுத்துவிட்டாங்க?”

எந்த இரும்பைக் கொடுத்தாலும் கதை சொல்லும் மனிதர் என் பக்கம் கையைக் காட்டினார்.

“மாமாகிட்ட கேளு. அவருதான் கதை எழுதுறவரு.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன்.